ஸப்ரு யாருக்கு?

நம் பள்ளிவாசல் மேடைகளில் இன்று மிகவும் மலிந்துபோன சொல் எது என்று கேட்டால், ‘ஸப்ரு’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனைப் பறிகொடுத்தவனிடம் ஸப்ரு செய் என்கிறோம். கூலியைப் பறிகொடுத்தவனிடமும் ஸப்ரு செய் என்கிறோம். மகனை அழைத்துக்கொண்டவன் இறைவன். கூலியைத் தராமல் வைத்துக்கொண்டிருப்பவன் மனிதன். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்துச்சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? மார்க்கம் தந்ததா, அன்றி நம் சோம்பலும் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொள்ள அஞ்சும் நம் அச்சமும் தந்தனவா? இதைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். கீழ் கோத்தகிரியில் கேட்ட ஒரு செய்தி, மேலும் காலம் தாழ்த்த விடவில்லை.

நீலகிரி என்றவுடன் உதகையின் ஏரியும் மலர்க்காட்சியும் நினைவுக்கு வருவோர் கீழ் கோத்தகிரியை அறிந்திருக்க நியாயமில்லை. கோத்தகிரியிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து சென்று சேரும் ஊர் அது. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், படுகர் ஊர்கள், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், ஒரு சிறு கடைவீதி. அங்கே தம் மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். வயது 62. மலையின் வேறொரு பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத்தின் ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பகலில் பெண்கள் கிள்ளிக் கொண்டுவரும் கொழுந்தை இரவெல்லாம் வாட்டிப் பதப்படுத்துவது அவர் வேலை. ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருந்தே வாழ்நாளின் பாதியைக் கழித்தவர்.

ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. பணிக்கொடைத் தொகை இன்னும் வந்து சேரவில்லை. வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி என்பது சட்டம். நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று கொண்டால், 31 ஆண்டுகளுக்கு 1,86,000 ரூபாய் ஆகிறது. முதலில், லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்றார்களாம். காலி செய்தார். பிறகு, தேயிலைக்கு விலை இல்லை, நிலைமை சரியில்லை, பார்க்கலாம் என்றார்கள். மூன்று மழைக்காலங்கள் போய்விட்டன, பார்த்தபாடில்லை.

அவர் தம் ஜமாஅத்தை நாடிச் சென்றார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கு ஜமாஅத்தின் பெயரால் ஒரு கடிதம். முடிந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு உடன் வர ஓர் ஆள். அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை. மேடையில் சற்றுமுன் பொறுமையின் சிறப்பைப் பற்றிப் பேசி இறங்கிய ஒருவர், அவருடைய தோளில் கை வைத்து, பொறுமையாளர்களோடு அல்லாஹ் இருப்பதை எடுத்துச் சொல்லி, ‘அஸ்ஸப்ரு மிஃப்தாஹுல் ஃபரஜ்’ என்று அரபியிலும் ஒரு வாசகம் கூறி அனுப்பி வைத்தாராம். கூடியிருந்தவர்கள் தலையை அசைத்தார்களாம்.

“நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன் தம்பி. முப்பத்தோரு வருசம் இருந்தேன். ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது, என் பணத்தை நானே விட்டுக்கொடுத்துவிடு என்று சொன்னது மாதிரி இருந்தது” என்றார் பெரியவர்.

ஓதிப் படித்தவர்கள் எவர்க்கும் தோன்றாத ஐயம் இந்த எழுத்தறிவு குறைந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் ஐயம் சரியானதே என்பதுதான் நம் கட்சி.

‘ஸப்ரு’ என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் கட்டுதல், பிடித்து நிறுத்துதல் என்பதாகும். விலங்கைக் கட்டிவைத்து அம்பெய்வதைக் குறிக்கவும் அரபிகள் இதே வேரிலிருந்து பிறந்த சொல்லைத்தான் ஆண்டனர். அவ்வாறு செய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணக்கிடைக்கும் செய்தி. ஆக, ஸப்ரு என்பது ஓடத் துடிக்கும் மனத்தை ஓடவிடாமல் இழுத்துப் பிடித்து, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவது. அதில் தளர்ச்சி இல்லை, இறுக்கம் இருக்கிறது. நோன்பு நோற்கும் ரமளானுக்கு ‘ஸப்ரின் மாதம்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். பசித்தவன் முன்னே உணவு இருக்கிறது, கை நீளவில்லை. இதை யாரேனும் கையாலாகாத்தனம் என்பார்களா?

இதனை நாம் தமிழில் ‘பொறுமை’ என்று பெயர்த்தோம். பெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் தமிழின் ‘பொறு’ என்ற சொல்லுக்கு ஒரு சார்பு உண்டு. பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறுத்தல் என்றால் மன்னித்தலுங்கூட. பிழை பொறுத்தருள்க என்கிறோம் அல்லவா? அரபியில் மன்னிப்புக்கு ‘அஃப்வு’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஸப்ரையும் அஃப்வையும் நாம் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் போட்டுக் கலக்கிவிட்டோம். அதன் விளைவு, ஸப்ரு செய் என்றால் விட்டுக்கொடு என்று ஏழையின் காதில் விழுகிறது. கீழ் கோத்தகிரிப் பெரியவர் காதில் விழுந்தது அதுதான். இதே வேரிலிருந்து ‘பொறுப்பு’ என்றும் ஒரு சொல் தமிழில் உண்டு. மேடையில் பேசுவோர் அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாட்டு மருந்துக் கடையில் ‘மூசாம்பரம்’ என்று ஒரு கரிய கட்டி விற்பார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. நாக்கில் வைக்க முடியாத கசப்பு. கற்றாழைச் சாற்றுக்கு அரபியில் ‘ஸபிர்’ என்று பெயர். அந்த வேரிலிருந்து வந்த பெயரே நம் கடைவீதியில் மூசாம்பரம் ஆயிற்று. அடிபட்டு வீங்கிய இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் அதை உரைத்துப் பற்றுப் போடுவார்கள். கசப்பானது, ஆனால் மருந்து. எனினும், மூசாம்பரம் பூசியிருக்கிறதே என்று மேலும் அதே இடத்தில் அடித்துக்கொண்டிருப்பதற்கு எந்த வைத்தியனும் அனுமதி தந்ததில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற வாசகத்துக்கு வருவோம். ‘அஸ்ஸப்ரு மிஃப்தாஹுல் ஃபரஜ்’ – பொறுமை விடுதலையின் திறவுகோல். இதனை நபிமொழி என்றே பலர் மேடையில் முழங்குகிறார்கள். ஹதீஸ் கலை அறிந்தோர் இதனை நபிகளாரின் வாக்காக உறுதிப்படுத்துவதில்லை. அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி என்றே கொள்கின்றனர். பழமொழி என்பதனால் அது தாழ்ந்ததன்று. நல்ல பழமொழிதான். ஆனால் அது என்ன சொல்கிறது? ‘ஃபரஜ்’ என்றால் இறுக்கம் நீங்கிய திறப்பு. ‘மிஃப்தாஹ்’ என்றால் சாவி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவின் முன்னே ஆயுள் முழுதும் உட்கார்ந்திருப்பவனுக்குக் கதவு திறக்குமா? பூட்டில் நுழைத்துத் திருப்புகிற கை ஒன்று வேண்டும். பெரியவர் அந்தக் கையைத்தான் ஜமாஅத்திடம் கேட்டார். அவர்களோ சாவியின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றி அனுப்பினார்கள்.

‘மன் ஸபர ளஃபிர’ என்பது இன்னொரு வழக்கு. உறுதியாக நின்றவன் வென்றான் என்பது பொருள். ‘ளஃபிர’ என்ற சொல்லில் வெற்றி இருக்கிறது. நாடியதைக் கைப்பற்றுதல் இருக்கிறது. எதையும் நாடாதவனைப் பார்த்து நீ வென்றாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் தமிழ்ப் பழமொழியும் பொறுத்தார் பூமி ஆள்வார் என்றுதான் கூறுகிறது. பொறுத்தார் இருந்த லைன் வீட்டையும் இழப்பார் என்று கூறவில்லை.

அவசரம் ஷைத்தானின் வேலை என்ற வாசகமும் இந்த இடத்தில் தவறாமல் வந்து விழும். உரிமையைக் கேட்டு வாய் திறந்தவனை அமர்த்த இதைவிட எளிய கருவி வேறில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த குராசான் ஞானி ஹாத்தமுல் அஸம் (ரஹ்) அவர்கள், இந்த வாசகத்தை எடுத்துக்கொண்டு ஐந்து காரியங்களுக்கு விலக்குச் சொல்லியிருக்கிறார்கள். விருந்தினர் வந்தால் உணவளிப்பதிலும், இறந்தவரை அடக்கம் செய்வதிலும், பருவமெய்திய பெண்ணை மணமுடித்துக் கொடுப்பதிலும், பாவத்துக்காக மனம் வருந்தி மீளுவதிலும் விரைவு வேண்டும் என்றார்கள். ஐந்தாவது, தவணை வந்த கடனைக் கொடுப்பது. கூலியும் பணிக்கொடையும் கடனல்லாமல் வேறென்ன? 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அதனை முப்பது நாட்களுக்குள் கொடுக்கச் சொன்னது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தாழ்த்தினால் வட்டி உண்டு. (வட்டி வாங்கலாமா என்று உடனே ஒரு விவாதம் கிளம்பும் என்பதை நாம் அறிவோம். முதல் வரட்டும், பிறகு அதைப் பார்ப்போம்.) பெரியவருக்கு முப்பது நாட்கள், ஆயிரம் நாட்களைத் தாண்டிவிட்டன. இங்கே அவசரப்பட்டது யார்?

‘லிஸ்ஸப்ரி ஹுதூத்’, பொறுமைக்கும் எல்லைகள் உண்டு என்றும் அரபிகள் சொல்வார்கள். எகிப்தில் உம்மு குல்தூம் பாடிய பாட்டொன்றுக்கே அது தலைப்பாயிற்று. காதல் பாட்டில் வந்த சொல்லை மார்க்க விவாதத்துக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொண்டுவர வேண்டியதில்லை. பாட்டுக்காரர்கள் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

1111ஆம் ஆண்டில் மறைந்த அந்தப் பேரறிஞர், இஹ்யா உலூமித்தீனின் நாற்பது நூல்களில் 32ஆவது நூலைப் பொறுமைக்கும் நன்றிக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸப்ருவின் சிறப்பைப் பேசவேண்டிய இடமெல்லாம் பேசிவிட்டு, அதற்கு மார்க்கத் தீர்ப்பு என்ன என்று ஆராயுமிடத்தில், ஸப்ரிலும் கடமையானது உண்டு, விரும்பத்தக்கது உண்டு, வெறுக்கத்தக்கது உண்டு, ஹராமானதும் உண்டு என்று பிரிக்கிறார்கள். ஹராமான ஸப்ருக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு மறக்க முடியாதது: தன் கை வெட்டப்படும்போதோ தன் பிள்ளையின் கை வெட்டப்படும்போதோ வாய் மூடிப் பொறுத்திருப்பவன். அவனுடைய பொறுமை புண்ணியமன்று; விலக்கப்பட்ட செயல். பொறுமை ஈமானில் பாதி என்று கேள்விப்பட்டதைக் கொண்டு எல்லாப் பொறுமையும் புகழுக்குரியது என்று மயங்கிவிடாதே, மார்க்கமே அதற்கு உரைகல் என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள்.

இஹ்யாவின் பெயரைச் சொல்லாத ஆலிம் நம்மிடையே இல்லை. மதரஸாக்களில் அதை ஓதாதவரும் குறைவு. ஆனால் நாம் கேட்ட பயான்களில் இந்த ஒரு பகுதி மட்டும் ஒருமுறையும் நம் காதில் விழுந்ததில்லை. ஏனோ? முன்வரிசையில் அமர்ந்திருப்போருக்கு அது சுவைக்காது என்பதனாலா? பள்ளிவாசலுக்குக் கம்பளம் தந்தவரும் மின்விசிறி தந்தவரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று.

மறுப்பாளர் விட்டுவிட மாட்டார்கள். மக்காவின் பதின்மூன்று ஆண்டுகள் பொறுமையின் ஆண்டுகள் அல்லவா, யாஸிரின் குடும்பத்தார் வதைக்கப்பட்டபோது நபிகளார் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார்கள். தடுக்கும் வலிமை இல்லாத நாளில், அதே ஊரில் தாமும் ஏசப்பட்டுத் துன்புறுத்தப்பட்டுக் கொண்டிருந்த ஒருவர், கட்டிப்போட்டு வதைக்கப்பட்டவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி அஞ்சலில் சேர்க்கும் வலிமை உள்ளவன் அந்தச் சொல்லைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளலாமா? மேலும், அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் வாய் மூடியிருந்தவர் யார்? பிலால் (ரலி) அவர்கள் மார்பின்மீது பாறையைத் தாங்கிக்கொண்டும் ‘அஹத், அஹத்’ என்ற சொல்லை விடவில்லை. அந்தச் சொல்லை விட்டிருந்தால் பாறையை எடுத்திருப்பார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் பிலாலிடம் சென்று பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை; விலை கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். 615ஆம் ஆண்டில் ஒரு கூட்டம் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போயிற்று. போக வழி இருந்தவர்களைப் போகவேண்டாம், இருந்து பொறு என்று நபிகளார் தடுக்கவில்லை. அவர்களே அனுப்பி வைத்தார்கள்.

அய்யூப் நபி (அலை) அவர்களைப் பொறுமைக்கு இலக்கணமாகக் காட்டுகிறோம். அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள் என்பதையும் அதே திருமறைதான் சொல்கிறது. யஃகூப் நபி (அலை) அவர்கள் ‘ஸப்ருன் ஜமீல்’ என்ற அழகிய பொறுமையைக் கடைப்பிடித்தவர்கள். அவர்கள் அழுது அழுது கண் வெளுத்துப் போனார்கள். அதே சமயம் யூஸுபைத் தேடிச் செல்லுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பவும் செய்தார்கள். அழுவதும் முறையிடுவதும் தேடுவதும் ஸப்ருக்குப் பகை என்றால், இவ்விரு நபிமார்களையும் என்ன சொல்வது?

மண்ணறையின் அருகே அழுத பெண்ணின் வரலாற்றையும் நம்மவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். உண்மையான பொறுமை முதல் அடி விழும்போது காட்டுவதே என்று நபிகளார் அவளிடம் கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆம், அவள் இழந்தது ஓர் உயிரை. அதைத் திருப்பித் தரக்கூடிய மனிதன் உலகில் எவனும் இல்லை. ஆகவே அங்கே ஸப்ரு. ஆனால் கொடுக்கவேண்டியதைக் கேட்டு வந்த மனிதனிடம் அதே நபிகளார் என்ன சொன்னார்கள் என்பதைப் பாருங்கள். அவர்களுக்கு ஓர் ஒட்டகம் கடன் கொடுத்திருந்த ஒருவன் வந்து கடுமொழியால் கேட்டான். யாரிடம்? அல்லாஹ்வின் தூதரிடம்! தோழர்கள் அவனை அடிக்கப் பாய்ந்தனர். நபிகளார் தடுத்தார்கள், உரிமையுடையவனுக்குப் பேச உரிமை உண்டு என்ற கருத்தைச் சொன்னார்கள். அவன் கொடுத்த ஒட்டகத்துக்கு ஈடானது கிடைக்கவில்லை. அதைவிட உயர்ந்ததே கிடைத்தது. அதையே கொடுத்துவிடச் சொன்னார்கள். இந்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அன்று நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் அங்கே இருந்திருந்தால் அந்தக் கடன்காரனுக்கு என்ன உபதேசம் செய்திருப்பார்கள் என்று நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு வெட்கம் வருகிறது.

வசதியுள்ளவன் கடனைத் தாழ்த்துவது அநீதி என்பதும் அவர்களுடைய தீர்ப்பு. கூலியாளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்பதும் அவர்கள் அறிவித்த செய்தி. இறைவனே ஒரு கட்சியில் நின்று வாதாடப் போகும் வழக்கில், இம்மையில் நம் ஜமாஅத்துகள் எந்தக் கட்சியிலும் சேராமல் ‘நடுநிலை’ வகிக்கின்றன!

நபித்துவத்துக்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். யமன் நாட்டு ஸபீத் ஊர் வணிகன் ஒருவன் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தான். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பெரிய மனிதன் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கவில்லை. அந்நியனுக்கு அங்கே யாரும் துணை வரவில்லை. குறைஷியர் கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்த வேளையில், அவன் அபூகுபைஸ் மலைமேல் ஏறி நின்று தன் குறையை ஊரறியக் கூவினான். நபிகளாரின் பெரிய தந்தை ஸுபைர் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சில குடும்பத்தார் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவன் எவனாயினும் அவனோடு நின்று உரிமையை மீட்டுத் தருவோம் என்று ஒப்பந்தம் செய்தனர். பிறகு ஆஸின் வீட்டுக்கே போய் வணிகனின் பொருளை வாங்கிக் கொடுத்தனர். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்ற அந்த ஒப்பந்தத்தில் இளைஞர் முஹம்மது கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு இப்போது அழைக்கப்பட்டாலும் செல்வேன் என்று பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். அறியாமைக் காலத்து மக்கா, மலைமேல் நின்று கூவியவனைக் கீழே இறங்கி ஸப்ரு செய் என்று சொல்லவில்லை.

நம் பெரியவரும் ஒரு மலையில்தான் இருக்கிறார். அவர் கூவக்கூட இல்லை; மெதுவாகத்தான் கேட்டார்.

அந்த மலையில் ஸப்ரின் பொருளறிந்தவர்கள் இல்லாமலுமில்லை. 2023 செப்டம்பரில், கோத்தகிரியை அடுத்த நட்டக்கல்லில் படுகர் சமூகத்துச் சிறு விவசாயிகள், பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு நாள்தோறும் கூடி உண்ணாவிரதம் இருந்தனர். தேயிலைச் செடி காத்திருக்காது. இலையை உரிய நாளில் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். பறித்த இலையை அன்றே ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே விலை பேசும் வலிமை விவசாயிக்கு இல்லை. 1963 முதல் குன்னூரில் ஏலம் நடக்கிறது. விற்ற விலையில் நூற்றுக்கு 65 பங்கு இலை கொடுத்தவனுக்கு, 35 பங்கு ஆலைக்கு என்று விதி இருக்கிறது. விதி இருந்தும் பாடுபட்ட கூலி கட்டவில்லை என்பது அவர்கள் முறையீடு. அவர்கள் கோரிக்கையின் பொருளாதாரத்தை இங்கே நாம் ஆராயவில்லை. பந்தலின் கீழ் வயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கல்லும் எறியாமல், கேட்டதையும் விடாமல் அவர்கள் இருந்த இருப்பைச் சொல்கிறோம். மனத்தை இழுத்துக் கட்டுதல், இருந்த இடத்தைவிட்டு நகராதிருத்தல், நாடியதைக் கைவிடாதிருத்தல்! ஸப்ரு என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது; அதைத் தெரிந்த நாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனம் ஸப்ரோடு நிற்கவில்லை. அதற்கடுத்து, எதிர்த்து நிற்பவனின் உறுதியை மிஞ்சும் உறுதியைக் கொள்ளும்படியும், அதற்கும் அடுத்து, காவலில் விழிப்போடு நிற்கும்படியும் சொல்கிறது. அஸ்ர் அத்தியாயமோ உண்மையை ஒருவருக்கொருவர் வலியுறுத்துவதை முதலில் வைத்து, பொறுமையை வலியுறுத்துவதை அதற்குப் பின்னே வைக்கிறது. ‘ஹக்’ என்ற அச்சொல்லுக்கு உரிமை என்றும் பொருள் உண்டு. நம்மவர்கள் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் ஏழைக்கு ஓதிக்காட்டுகிறார்கள்.

அப்படியானால் இந்த வழக்கில் ஸப்ரு வேண்டியவர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். நம் முன்னோர் ஸப்ரை மூன்றாகப் பிரித்தனர்: துன்பத்தில் காட்டும் ஸப்ரு, பாவத்திலிருந்து விலகி நிற்கும் ஸப்ரு, கட்டளையை நிறைவேற்றும்போது மனம் முரண்டு பிடித்தாலும் நிறைவேற்றும் ஸப்ரு. முதல் வகையைப் பெரியவர் செய்து முடித்துவிட்டார். பிறன் பணம் தன் பெட்டியில் இருக்கும்போது அதைத் தன் முதலாகப் புழங்கும் ஆசையிலிருந்து விலகி நிற்பது இரண்டாம் வகை. அது அந்தத் தோட்டத்து முதலாளிக்கு வேண்டியது. அவர் எந்த மதத்தவராயினும் சரி. மூன்றாம் வகை ஜமாஅத்துக்கு வேண்டியது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் அதிகாரி சுற்றுப்பயணம் என்பார்கள். மறுமுறை போனால் கோப்பு வரவில்லை என்பார்கள். மூன்றாம் முறை, நிர்வாகத்தின் வழக்கறிஞர் வாய்தா வாங்குவார். மலைப்பாதையில் பேருந்தில் குலுங்கிக்கொண்டு ஐந்து முறை, பத்து முறை ஒரு கிழவரோடு போய்வர மனம் வராது. முரண்டு பிடிக்கும். அந்த மனத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு பதினோராம் முறையும் போவதற்கு அரபியில் என்ன பெயர் என்று மேடையில் பேசியவருக்குத் தெரியாமலிருக்காது.

நாம் அங்கிருந்து புறப்படுமுன், கடைவீதியில் தேநீர்க்கடை நடத்தும் ஒருவர் தாமே முன்வந்து பெரியவருக்காக மனு ஒன்றை எழுதினார். அவர் முஸ்லிமல்லர். வேலையில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், கடைசியாக வாங்கிய கூலி, வரவேண்டிய தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பெரியவர் கையெழுத்திட்டார். நாமும் ஒரு சாட்சியாகக் கையெழுத்திட்டோம். பதிவு அஞ்சலில் ஒரு படி போயிற்று. இன்னொரு படியைப் பெரியவர் நம்மிடம் தந்திருக்கிறார். ஜமாஅத்தினர் மனம் மாறினால் அவர்களிடம் சேர்ப்பிக்கும்படி. அதன் அடியில், பள்ளிவாசலின் முத்திரைக்கென்று நான்கு விரற்கடை இடம் விடப்பட்டிருக்கிறது.